சும்மா கிடந்த அரை ஏக்கர்

கண்ணு,

ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலில் அதற்கு மன்னித்துக்கொள். இதை எழுதும்போது நீ பத்தடி தூரத்தில், வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறாய். எழுந்து வந்து சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம். ஆனால் எனக்கு வாயில் பேச்சு வராது, உனக்கே தெரியும். முக்கியமானதைச் சொல்ல வேண்டும் என்று கிட்டே வந்தால் "சாப்டியா?" என்பதுதான் வெளியே வருகிறது. நேற்று ஒரே மதியத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். "மூணு தபா சாப்ட்டுட்டேம்மா" என்று நீ சிரித்தாய். அந்த மூன்று முறையும் நான் கேட்க வந்தது வேறு.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. திண்டிவனம் கல்லூரியில் என்னோடு கணிதம் படித்த பெண்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். வளர்ந்த பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். மூன்று மாதமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தேன். இதையே அவர்களுக்கும் கொடுத்துவிடப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள். ஆனால் முதலில் படிக்கப் போவது நீதான். உன் வரைபட நோட்டுக்குள்ளேயே இதை மடித்து வைக்கிறேன். அந்த நோட்டை நீ ஒரு நாளும் திறக்காமல் இருந்ததில்லை.

டெல்லியில் உனக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. நீ பதினொன்றாம் வகுப்பில் முதன்முதலாகக் கோடு போட்டுப் பார்த்த அதே கணிதத்தை இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கிற இடம். புதன்கிழமை விழுப்புரத்தில் ரயில் ஏறினால்தான் வெள்ளிக்கிழமை நேரில் போய்ச் சேர முடியும். வெள்ளிக்கிழமை தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இதெல்லாம் தெரிந்துதான் முந்தாநாள் சாப்பிடும்போது அப்பாவிடம், "இந்த வருசம் வேணாம்பா, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்றேன்" என்று சாதாரணமாகச் சொன்னாய். "உன் இஷ்டம்டா" என்று அப்பா சொல்லிவிட்டார். நான் உனக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை உன் மேஜையைத் துடைக்கும்போது அந்த நோட்டு திறந்திருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை ஐந்து வருடமாக உன்னிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது பெருமைதான், ஆனால் அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு வகுப்பில் உட்காருவது பெரும் பயமாக இருந்தது. தப்பாக ஒரு கேள்வி கேட்டால், இவளை ஏன் படிக்க வைத்தார்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று மூன்று வருடமும் வாயைத் திறக்கவில்லை. நேரியல் திட்டமிடல் பாடம் நடத்தினார்கள். இருப்பது இவ்வளவுதான் என்று சில கட்டுப்பாடுகள். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் வரைபடத்தாளில் ஒரு கோடு. எல்லாக் கோடுகளுக்கும் உள்பட்டு நடுவில் கிடைக்கிற இடம்தான் ஏற்புடைய பகுதி. நாம் எடுக்கும் எந்த முடிவும் அதற்குள் இருந்தால்தான் நடக்கும். அதற்குள் எது அதிக லாபம் தரும் என்று தேடினால், விடை எப்போதும் அந்தப் பகுதியின் ஏதாவது ஒரு முனையில் வந்து நிற்கும். ஏன் முனையில் மட்டும்? நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறதே? எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். தேர்வில் முனைப் புள்ளிகளைக் கண்டுபிடித்து விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஏன் என்று தெரியாமலே.

பிறகு திருமணம். விழுப்புரத்தை அடுத்த காணை பக்கம் வந்தேன். நாலு ஏக்கர் நிலம், உன் பெரியப்பாவோடு பங்கில் ஒரு கிணறு. பட்டச் சான்றிதழைப் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்தேன். மறு வருடம் நீ பிறந்தாய்.

பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடம் உனக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றாய்.

"ஏம்மா, நாற்காலி மேஜ செய்யற கம்பெனி நம்ம ஊர்ல எங்க இருக்குது?"

"எதுக்குடா?"

"கணக்குல வருது. ஒரு கம்பெனி எத்தன நாற்காலி, எத்தன மேஜ செஞ்சா லாபம்னு. நான் அந்தக் கம்பெனியப் பார்த்ததே இல்ல. எப்டிமா போட்றது?"

"நம்மகிட்ட இருக்கறத வெச்சிப் போடு" என்றேன். ஏதோ தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான். அதை நீ இவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போவாய் என்று நினைக்கவில்லை.

அன்றைக்கே அப்பாவைப் பிடித்துக்கொண்டாய். கரும்பு எத்தனை ஏக்கர் என்பதை எக்ஸ் என்றாய். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எத்தனை ஏக்கர் என்பது ஒய். இரண்டும் சேர்ந்து நாலு ஏக்கரைத் தாண்டக் கூடாது, அது ஒரு கோடு. கிணற்றில் நம் முறைக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தான் மோட்டார் ஓட்டலாம். கரும்பு ஏக்கருக்கு ஆறு மணி நேரம் கேட்கும், மல்லாட்டை இரண்டு. அது இன்னொரு கோடு. எக்ஸும் ஒய்யும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது என்று நீ எழுதியபோது அப்பா சிரித்துவிட்டார். "இல்லாத நெலத்துல எவன்டா பயிர் வெப்பான்?" "புக்குல எழுதச் சொல்லுதுப்பா." ஏக்கருக்குக் கரும்பில் நாற்பதாயிரம், மல்லாட்டையில் முப்பதாயிரம் நிற்கும் என்று அப்பா மனதிலிருந்து சொன்னதைக் குறித்துக்கொண்டாய். நம் கழனி வரைபடத்தாளில் ஒரு சின்ன நாற்கோணமாக ஆனது.

பிறகு நீ செய்ததுதான் என்னை இன்றுவரை வியக்க வைப்பது. மற்றப் பிள்ளைகள் நான்கு முனைகளிலும் எண்ணைப் போட்டுப் பார்த்து, எது பெரியதோ அதை விடை என்று எழுதிவிடுவார்கள். நான் எழுதியதும் அப்படித்தான். நீ அடிஸ்கேலை எடுத்துச் சாய்வாகத் தாளின் மேல் வைத்தாய். "இந்தக் கோடு முழுக்க ஒரே லாபம்மா. இத இப்டி மேல தள்ளிக்கினே போனா லாபம் ஏறிக்கினே போவும். பாரு, இன்னும் உள்ள தொட்டுக்கினு இருக்குது... இன்னும்... இன்னும்..." ஸ்கேல் மெல்ல நகர்ந்தது. நாற்கோணத்தை விட்டு வெளியே போவதற்கு முன்னால் கடைசியாக அது தொட்டது ஒரே ஒரு முனையை. "அவ்ளோதான். இதுக்கு மேல தள்ளினா நம்ம கழனியே இல்ல." நான் தோசைக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். பதினெட்டு வயதில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு என் அடுப்படியில் விடை கிடைத்தது. தோசை கருகிய வாசனை வந்த பிறகுதான் திரும்பினேன். அன்றைக்கு ஏன் உனக்கு இன்னொரு தோசை அதிகமாகச் சுட்டேன் என்று நீ கேட்கவில்லை. இதுதான் காரணம்.

அந்த முனை இரண்டு ஏக்கர் கரும்பு, இரண்டு ஏக்கர் மல்லாட்டை என்றது. அதுவரை நாம் மூன்று ஏக்கர் கரும்பு வைத்து, தண்ணீர் போதாமல், பெரியப்பாவின் முறையில் கை வைத்து, வாரா வாரம் கிணற்றடியில் சத்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அந்தச் சண்டையோடுதான் வந்தார். நீ கூடத்தில் தாளை விரித்து வைத்திருந்தாய்.

"இன்னாடா தம்பி, கோடு கோடா போட்டுக்கினு இருக்க? ஊடு கட்டப் போறியா?"

"இல்ல பெரிப்பா. கழனில எது எவ்ளோ வெக்கலாம்னு பாக்கறேன்."

"அதுக்குப் பேப்பர் எதுக்குடா? உங்கப்பன் என் முறைல ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கினு இருக்கான், அதப் போடு உன் பேப்பர்ல."

"போட்டுட்டேன் பெரிப்பா. இதோ இந்தக் கோடுதான். இதத் தாண்டினா உங்க தண்ணி."

பெரியப்பா குனிந்து பார்த்தார். "அட. என் தண்ணிக்கும் கோடு போட்டிருக்கியா?" என்று உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருடச் சண்டை ஒரு பென்சில் கோட்டில் உட்கார்ந்ததை நான் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன்.

ஏன் கதவுக்குப் பின்னால் என்று மலரைப் படிப்பவர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், எதிரே தம்பி மனைவி நின்று பேசுவதில்லை. யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை, எல்லோரும் அப்படி இருந்தார்கள், நானும் இருந்தேன். என்னிடம் சொல்ல வேண்டியதை அவர் மாட்டைப் பார்த்துச் சொல்வார். "இந்த மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டினா தேவல." நான் காட்டுவேன். கெட்ட மனிதர் இல்லை. பழக்கம்.

அன்றைக்கு நீ எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டு நிமிர்ந்து, "இதுல எதுனா வுட்டுப்போச்சா?" என்று கேட்டாய். அப்பா இல்லை என்றார். பெரியப்பா தலையாட்டினார். நீ அத்தோடு விடவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, நீ சொல்லு. உனக்குதான் கணக்கு தெரியும். எதுனா வுட்டுப்போச்சா?" என்றாய்.

விட்டுப்போயிருந்தது. காலையிலேயே நான் பார்த்துவிட்டேன். தாளின் ஓரத்தில் நீ இரண்டு வரி எழுதியிருந்தாய். "கூலி ஆள்: செலவில் கழித்தாயிற்று. வீட்டு ஆள்: கட்டுப்பாடு இல்லை." கூலிக்கு வருகிறவர்கள் மதியத்தோடு போய்விடுவார்கள். மிச்சக் குவியலில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்வது, காயவைப்பது, களை எடுப்பது எல்லாம் அந்த வீட்டு ஆள். அது நான்தான் என்று உனக்கு அப்போது தோன்றவில்லை. பதினாறு வயது. எனக்குத் தோன்றியது. ஆனால் மூத்தார் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரே என் உடம்பைப் பற்றி, என்னால் இவ்வளவுதான் முடியும் என்பதைப் பற்றி எப்படிப் பேசுவது?

"ஒண்ணும் வுட்டுப்போவலடா" என்றேன்.

இதுதான் நான் உன்னிடம் சொல்லாத தவறு. நீ சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டாய். அந்த ஆள் பொய் சொன்னாள்.

அந்த வருடம் திட்டப்படியே பயிர் வைத்தோம். தண்ணீர் போதுமாக இருந்தது, கிணற்றடியில் சத்தம் இல்லை. சித்திரையில் மல்லாட்டை பிடுங்கியபோது இரண்டு ஏக்கர் காயும் குவியல் குவியலாக என் எதிரே கிடந்தது. உனக்குப் பள்ளி விடுமுறை. ஒரு நாள் டீ போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாய். நான் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தேன். விரல் மடங்கவில்லை. நீ அதைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "சூடா இருக்குதுடா, அதான்" என்று அதற்கும் ஒரு பொய் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அதற்குள் உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த பத்து நாள் நீ என்ன செய்தாய் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டின் பின் அட்டையில் சின்ன எழுத்தில், நாள் வாரியாக, நான் எப்போது கழனியில் குனிந்தேன், எப்போது நிமிர்ந்தேன் என்று எழுதியிருந்தாய். களை, ஆய்தல், காயப்போடல் என்று தனித்தனியாக. கரும்பு ஏக்கருக்கு என்னிடம் நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்கிறது, மல்லாட்டை மூன்று மணி நேரம் கேட்கிறது என்று கண்டுபிடித்தாய். இரண்டும் இரண்டும் போட்டால் எட்டு மணி நேரம். வீட்டு வேலை அதற்கு மேலே. என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை, கண்ணு. மருத்துவர்கூட.

பிறகு ஒரு காலையில் அப்பாவையும் பெரியப்பாவையும் உட்கார வைத்தாய். பழைய தாளில் மூன்றாவதாக ஒரு கோடு சிவப்புப் பென்சிலில். "இது அம்மா கோடு. ஆறு மணி நேரம். இதுக்கு மேல கெடையாது" என்றாய். அந்தக் கோடு உன் அழகான முனையை அப்படியே வெட்டி வெளியே தள்ளியிருந்தது. புது முனை உள்ளே தள்ளிப் போயிருந்தது. இரண்டேகால் ஏக்கர் கரும்பு, ஒன்றேகால் ஏக்கர் மல்லாட்டை.

அப்பா விரல் விட்டுக் கூட்டினார். "மூணரைதானடா வருது. பாக்கி அர ஏக்கரு?"

"சும்மா கெடக்கும்."

"சும்மாவா? தண்ணி கெடக்குது, மண்ணு கெடக்குது, சும்மா போட்றதா? ஊர்ல சிரிப்பானுங்கடா."

"தண்ணி முழுசும் தீந்துட்துப்பா, கோட்டப் பாரு. நெலம் மட்டும்தான் மிச்சம். பன்னண்டாயிரத்து ஐந்நூறு கம்மியா வரும். அது அம்மா வெரல்பா."

பெரியப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பி, "இந்த மாட்டுக்கு வெரல் வலிச்சா சொல்லக் கூடாதா?" என்றார். மாடு ஒன்றும் சொல்லவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. "உங்க பையன் படிச்சிப் படிச்சி அர ஏக்கரப் பயிர் வெக்காமக் கரம்பாக்கிட்டானாமே?" என்று கெடார் போகிற பஸ்ஸில் ஒருவர் அப்பாவைக் கேட்டாராம். அப்பா அதை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, "போங்கடா, அது எங்கூட்டுக் கணக்கு" என்று பதில் சொன்னதையும் சொன்னார். அப்பாவை அப்படிச் சொல்ல வைத்ததும் நீதான். ஒரு பிள்ளை தான் போட்ட கணக்கு சரியாக வந்து, எல்லோரும் பாராட்டி, நடைமுறைக்கும் வந்த பிறகு, அது தவறு என்று தானே வந்து சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு நிமிடம்கூட அந்தப் பழைய முனையைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. அழித்து எழுதினாய். உன்னைப் பற்றி நான் பெருமைப்படுகிற விஷயங்கள் நிறைய. முதலாவது அது.

அந்த அரை ஏக்கரில் என்ன விளைந்தது என்று சொல்லட்டுமா? புல் முளைத்தது, மாடு மேய்ந்தது. எனக்கு மதியத்தில் நேரம் மிஞ்சியது. பெட்டியிலிருந்து என் பழைய புத்தகங்களை எடுத்தேன். தெருவில் இரண்டு பெண்பிள்ளைகள் கணக்குக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். இருவருமே தேறினார்கள். அவர்களில் ஒருத்தியின் அப்பா மூலமாகத்தான் விழுப்புரத்தில் இருக்கிற ஒரு டியூஷன் சென்டரிலிருந்து என்னைக் கேட்டார்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதம், மாலை இரண்டு மணி நேரம். மாதக்கணக்காக 'பார்க்கலாம்' என்று சொல்லிவருகிறேன். உன்னிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல.

இப்போது கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். "டெல்லி போனால்" என்று தலைப்பு. காலையில் மோட்டார், மாடு, பால் என்று நீ இப்போது பார்க்கிற வேலை மூன்று மணி நேரம். அப்பா விடிந்ததும் வாடகை டிராக்டர் ஓட்டப் போய்விடுவார். நீ போனால் அது யார் தலையில் விழும் என்று எழுதி, "அம்மா: 6 + 3 = 9" என்று போட்டிருந்தாய். கீழே நம் பழைய கோடுகள் எல்லாம். சிவப்புக் கோடு ஆறிலேயே நிற்கிறது. வேலைக் கோடு அதைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளிகூட இல்லை. "ஏற்புடைய பகுதி இல்லை. தீர்வு இல்லை" என்று எழுதி, டெல்லி என்ற சொல்லை ஒரே கோடாக அடித்திருந்தாய். ஸ்கேல் வைத்து நேராக.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. எனக்காக நீ வரைந்த கோடு இப்போது உன் வழியில் குறுக்கே கிடக்கிறது. முதல் தடவை என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாய். இந்தத் தடவை சேர்த்தாய், ஆனால் என்னைக் கேட்காமல் சேர்த்தாய். கணக்கில் நான் ஒரு எண்ணாக வந்துவிட்டேன், அசைய மாட்டாத எண்ணாக. நியாயமாகப் பார்த்தால் இதிலும் தவறு என்னுடையதுதான். ஒரு முறை கேட்டபோது பொய் சொன்னவளை இரண்டாம் முறை ஏன் கேட்பாய்?

அதனால் இன்று காலை நானே கிணற்றடிக்குப் போனேன். பெரியப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார்.

"மாமா" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார், யார் கூப்பிட்டது என்று.

"நான்தாங்க மாமா."

"இன்னாமா? ஊட்ல எதுனா பேஜாரா? தம்பி எங்க?"

"பேஜார்லாம் ஒண்ணும் இல்லீங்க. மல்லாட்ட வெக்கற ஒண்ணேகால் ஏக்கர நீங்க வாரத்துக்குப் பண்றீங்களான்னு கேக்க வந்தேன். வெளைச்சல்ல பாதி குடுத்தாப் போதும். அதுக்குண்டான ரெண்டர மணி நேரத் தண்ணியும் உங்க முறையோட சேத்துக்குங்க."

"யாரு கேக்கச் சொன்னது, என் தம்பியா?"

"இல்லீங்க. நான்தான் கேக்கறேன்."

அவர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "இருவத்திரண்டு வருசமா இந்தக் கொரல எங்கம்மா வெச்சிருந்த?" என்றார். உடனே அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. மோட்டாரைப் பார்த்து, "பண்ணிக்கறேன்னு சொல்லு. பையன் படிக்கப் போவட்டும்" என்றார். நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "அந்தக் கரம்பு அர ஏக்கரையும் சேத்து உழுதுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அது வேணாங்க மாமா. அது சும்மாவே கெடக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "அண்ணங்கிட்ட நீயா? நேராவா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "அப்போ காலைல மோட்டார நான் போட்டுக்கறேன். அதுக்கப்பறம் டிராக்டருக்குப் போறேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

இப்போது நீ கணக்குப் போட்டுப் பார். கரும்புக்கு எனக்கு இரண்டேகால் மணி நேரம். உன் மூன்றில் ஒன்றை அப்பா எடுத்துக்கொண்டார், மிச்சம் இரண்டு. மொத்தம் நாலேகால். டியூஷன் சென்டருக்கும் காலையிலேயே போன் செய்து, வரும் திங்கள்கிழமையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அது இரண்டு மணி நேரம். ஆறேகால் ஆகிறது. உன் கோட்டைக் கால் மணி நேரம் தாண்டுகிறேன். அந்தக் கால் மணி நேரத்துக்குக் கோட்டை நானே, என் கையால், தள்ளி வைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து பார், சிவப்புப் பென்சிலில் கொஞ்சம் கோணலாக ஒரு கோடு புதிதாக இருக்கும். ஸ்கேல் கிடைக்கவில்லை. அதன் மூலையில் ஏற்புடைய பகுதி இருக்கிறது. சின்னதுதான். ஆனால் இருக்கிறது.

டெல்லியில் உனக்குப் பெரிய பெரிய கணக்குகள் தருவார்கள். இரண்டு மாறிகள் இருக்காது, இரண்டாயிரம் இருக்கும், தாளில் வரையவே முடியாது. அங்கேயும் யாரோ ஓர் ஓரத்தில் "கட்டுப்பாடு இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் பார்த்தால் நின்று, அது யார் என்று கேள். கேட்டால் அவர்கள் உடனே உண்மையைச் சொல்லிவிட மாட்டார்கள். கூச்சப்படுவார்கள். டம்ளரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார். இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். குளிருக்குக் கம்பளி மட்டும் மறக்காதே. அது பெட்டியில் அடியில் இருக்கிறது.

எழுத ஆரம்பித்தபோதே கேட்க நினைத்து, இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதை இப்போது கேட்டுவிடுகிறேன். ரயிலில் போ என்பது இல்லை அது. அதை நீயே முடிவு செய்வாய். எனக்கு அந்த வரைபட நோட்டு வேண்டும். திங்கள்கிழமை பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எதிரே நிற்கப் போகிறேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக. நாற்காலி மேஜை எல்லாம் எனக்கு வேண்டாம். உன் முதல் பக்கத்தைக் கரும்பலகையில் வரைந்து, நாலு ஏக்கர், பதினாறு மணி நேரம், இரண்டுக்கு இரண்டு என்று எல்லாம் சொல்லிவிட்டு, நீ கேட்ட அதே கேள்வியைக் கேட்கப் போகிறேன். இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? கடைசி பெஞ்சில் ஒரு பெண் பேனா மூடியைத் திருகிக்கொண்டு "ஒண்ணும் வுட்டுப்போவல மிஸ்" என்று சொல்வாள். நான் நம்ப மாட்டேன். அவள் சொல்லும்வரை நிற்பேன்.

புதன்கிழமை கிளம்பும்போது நோட்டை என் அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் போ, கண்ணு.

அம்மா